பாதி நனைந்த நோட்டு

பெரியம்மா மகளின் பையன் பத்தாவது படிக்கிறான். காலாண்டில் கணக்கில் 28. தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். வந்திருந்த மாமாக்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு பிடி உபதேசம் செய்தார்கள். "விடாமுயற்சி வேணும்டா", "நாங்கல்லாம் தெருவிளக்குல படிச்சோம்." (அதைச் சொன்ன மாமாவுக்குத் தெருவிளக்கு ஏது? வீட்டில் டியூப் லைட் இருந்தது என்று பெரியம்மாவே சொல்லியிருக்கிறார்.) பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தான். இந்த மாதிரி அறிவுரையால் யாருக்கும் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

நான் பிளஸ் டூ படித்தது 2015-16. காலாண்டில் கணக்கில் 200க்கு 43. பாஸ் மார்க் 70. அரையாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து அடையாறு ஊருக்குள் வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. ராத்திரியோடு ராத்திரியாக மாடிவீட்டுக்காரர் வீட்டுக்கு ஏறினோம். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பாடப்புத்தகம் போனவர்களுக்கு அரசே புதிதாகக் கொடுத்தது. நோட்டை யார் கொடுப்பார்கள்?

அலமாரியின் மேல்தட்டில் நிமிர்த்தி வைத்திருந்த கணக்கு நோட்டில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. காயவைத்துப் பிரித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் மேல்பாதி இருக்கிறது, கீழ்பாதியில் நீலக் கறை மட்டும். அப்போது வகுப்பில் எல்லோரும் ஜெல் பேனா. மிஸ் பால் பாயிண்டில் போட்ட கையெழுத்து மட்டும் கறைக்கு நடுவில் பளிச்சென்று நின்றது.

டிசம்பர் நடுவில் பள்ளி திறந்தபோது அந்த நோட்டைக் கணக்கு மிஸ்ஸிடம் கொண்டுபோய், "இனிமே முடியாது மிஸ்" என்றேன். அவர் வீடும் ஜாபர்கான்பேட்டையில் மூழ்கியிருந்தது, பக்கத்து வீட்டுப் புடவையில் வந்திருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டி, வெக்டர் முறையில் காஸ் ஏ மைனஸ் பி நிறுவுகிற பத்து மார்க் கணக்கில் நிறுத்தினார். அலகு வட்டம், ஓபி, ஓக்யூ என்று இரண்டு வெக்டர், இரண்டுக்கும் கூறுகள். நாலு வரி இருந்தது. அதற்குக் கீழே கறை.

"நாலு வரி இருக்குல்ல? அஞ்சாவதை நீ எழுது. ஆறாவதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் அறிவுரை. ஐந்தாவது வரியில் அந்த இரண்டு வெக்டருக்கும் டாட் ப்ராடக்ட் (புள்ளிப் பெருக்கல்) எடுக்க வேண்டும் என்று எனக்கு உறைக்க அரை மணி நேரமானது. பொங்கல் வரை இதே வேலைதான். நோட்டில் மிச்சமிருந்த மேல்பாதிகளுக்குக் கீழ்பாதி எழுதினேன். பல இடத்தில் தப்பு. மிஸ் அதைச் சுழிக்கமாட்டார், எந்த வரி வரை சரியோ அங்கே ஒரு சின்ன டிக் போட்டுக் கொடுத்துவிடுவார். முன்பெல்லாம் முழுசாகத் தெரியாத கணக்கைத் தொடவே மாட்டேன். அப்போது பொதுத்தேர்வில் இருந்த பத்து மார்க் கேள்விக்கு ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு, விடை வராவிட்டாலும் ஐந்து ஆறு தேறும் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை.

அரையாண்டில் 81, பொதுத்தேர்வில் 124. என்ஜினியரிங் கட் ஆஃபுக்கு இது காணாது, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். என் பக்கத்து பெஞ்சுக்காரி ஜனவரிக்குப் பிறகு வரவில்லை. அவள் அப்பாவின் இஸ்திரி வண்டி வெள்ளத்தில் போனது, அவள் தி.நகரில் துணிக்கடை வேலைக்குப் போனாள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். அவளுக்கு விடாமுயற்சி போதவில்லை என்று எந்த மாமாவாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சாப்பாடு முடிந்து மாமாக்கள் தூங்கப் போனதும் பையனிடம் இந்த நோட்டுக் கதையைச் சொன்னேன். பரீட்சைப் பேப்பரை எடுத்துவந்து, எந்தெந்தக் கணக்கில் எத்தனை வரி சரி என்று இரண்டு பேரும் எண்ணினோம். ஒரு கணக்கில் கடைசி வரியில் கூட்டலில் கோட்டை விட்டிருந்தான்.

"அந்த நோட்டு எங்க சித்தி?"

அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். சேறு எடை கூட்டுகிறது என்று கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தாராம்.