"சர்ச் அம்மா"வாம்!

நேற்று நம்ம குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களைத் திரட்டிப் போராடிய சார்லட் மக்ஸேகே பற்றி நான் போட்டதற்குக் கீழே, "ராணி முன்னாடி பாட்டுப் பாடின சர்ச் அம்மாவை எல்லாம் போராளின்னு தூக்கிட்டு வராதீங்க" என்றார் ஒரு தோழர். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி வேறு. ராத்திரியே எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று காலைவரை பொறுத்தேன்.

பாடினார், ஆமாம். 1890களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பாடகர் குழுவோடு இங்கிலாந்து போய் விக்டோரியா முன்னால் பாடினார். தோழர் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார் போல. பிறகு அமெரிக்கா போன குழு கைக்காசில்லாமல் நடுத்தெருவில் நின்றது. அப்போது கைகொடுத்தது கறுப்பின மக்களே நடத்திய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை. ஓஹையோவில் அவர்களுடைய வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, பட்டம் வாங்கிய முதல் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்ணாக ஊர் திரும்பினார்.

படிக்கும்போதே ஊரிலிருந்த சகோதரிக்கு அந்தச் சபையைப் பற்றி எழுதினார். சாதாரண வீட்டுக் கடிதம். அது மங்கேனா மொகோனே கண்ணில் பட்டது. வெள்ளையர் சபையின் பாகுபாடு தாங்காமல் வெளியேறி, 1892இல் பிரிட்டோரியாவில் எத்தியோப்பியன் சபையைத் தொடங்கியிருந்தவர் அவர். 1896இல் இரண்டு சபையும் இணைந்தன. கடல் கடந்து இரண்டு கறுப்பினச் சபைகளைச் சேர்த்து வைத்தது ஒரு மாணவியின் கடிதம்! இதில் எங்கே சர்ச்சை நிறுத்துவது, எங்கே அரசியலைத் தொடங்குவது? பிரித்துக் காட்டுங்களேன்.

1913இல் ப்ளூம்ஃபோன்டெய்ன் பெண்கள் பாஸை, அதாவது கறுப்பினத்தவர் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டை, எதிர்த்து ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சூட்டில் 1918இல் கறுப்பினப் பெண்களுக்காகப் பாண்டு பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர் இதே சர்ச் அம்மாதான். அந்நாட்டுப் பிரதமர் லூயி போத்தாவிடமே குழுவோடு போய்ப் பேசினார். "மனுக் கொடுக்கும் அரசியல்தானே?" என்பீர்கள். ஓட்டே இல்லாத பெண் பிரதமர் எதிரில் உட்கார்ந்து பேசுவது உங்களுக்கு லேசாகத் தெரிகிறது. கமெண்ட் போடுவதைவிடக் கொஞ்சம் கஷ்டம்தான், தோழர்.

சர்ச் அம்மா என்றால் யார் என்று எனக்குத் தெரியும். எங்க அம்மா அதுதான். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அடுப்படி டின்னில் போடுவார், காணிக்கைக்கு. சங்கத்துப் பெண்கள் சேர்த்த அரிசியெல்லாம் விற்றுக் காசானதும், "அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்க" என்று கமிட்டியில் எழுந்து கேட்டார். "உக்காருங்கம்மா" என்றார்கள். அவர் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவும் திட்டினார். மக்ஸேகேவும் தன் சபையில் இப்படிச் சில்லறை சேர்த்து ஊழியம் நடத்திய பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர்தான். அதனால்தான் நேற்றைய சிரிப்பு எனக்கு இப்படிச் சுட்டது.

"ஒழுக்கம், குடும்பம் என்று உபதேசம் செய்தாரே" என்று இன்னொருவர். செய்தார். ஜோஹன்னஸ்பர்க்கில் நன்னடத்தை அதிகாரியாக வேலை பார்த்து, கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் வேறென்ன பேசுவார்? மிஷனரிக் கல்வி காலனியச் சதி என்ற வகுப்பை இன்னொரு நாள் எடுங்கள். கணவரோடு ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே எவேட்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவரிடம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பக்தியில்லாத சுத்தமான இயக்கங்கள்தான் பெண்ணை மதித்தன என்றால் இதையும் கேளுங்கள். இன்று ஏ.என்.சி. என்கிற ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், மண்டேலாவின் கட்சி, 1912இல் தொடங்கியது. பெண்களுக்கு அதில் முழு உறுப்புரிமை கிடைத்தது 1943இல். மக்ஸேகே 1939இலேயே இறந்துவிட்டார். இப்போது அவர் பெயரில் ஜோஹன்னஸ்பர்க்கில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நீர்மூழ்கிக் கப்பல்கூட இருக்கிறது. உயிரோடு இருந்தவரை முழு உறுப்பினர் இல்லை!

அந்தக் கமெண்டை நான் நீக்கப்போவதில்லை. சிரித்தவர்கள் பெயரும் அப்படியே இருக்கட்டும். அடுத்து அந்த எவேட்டன் பள்ளி பற்றி எழுதுகிறேன், அதற்கும் வாங்க தோழர்.