டெபாசிட் மட்டும் போதாது

25 வயது ஆகி, 10,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் யாரும் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாம் என்கிறது, தேர்தலில் நிற்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் சுயேச்சைக்குத் தலைவலி பணத்தில் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். கைகொடுத்து வாழ்த்துகிறவர்கள் நிறைய. வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண்ணோடு கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். அப்புறம் படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கான பிரமாணப் பத்திரம். அதில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுத வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்கு நம் ஊரே ஒரு காரணம். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அன்று டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டில்தான் தொகையை ஏற்றிப் பத்துப் பேர் விதியையும் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று: தோற்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தக்க காரணமின்றிக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கலாம்.