சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்களுக்கு

நாங்கள் சிலர், எழுதியதை வெளியிடும் முன் ஒருவருக்கொருவர் அனுப்பி ஓரக்குறிப்பு வாங்கிக்கொள்வது வழக்கம். மெல்போர்னில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் டாய்லெட் பேப்பரின் வரலாற்றைக் கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தான். கட்டுரையில் குறைகள் இருந்தன. ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதற்கு வந்த குறிப்புகளைப் பார்த்துத்தான். அதை இங்கே எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டேன். குறிப்பு எழுதியவர்களிடம் கேட்கவில்லை. தங்களை அவர்களே அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

ஒருவர் "மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தேன்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பத்திக்குப் பத்தி ஒரு சிரிக்கும் முகம் வைத்திருந்தார். மூத்தவர் ஒருவர் சந்திப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, "நடை நன்று, பொருளைத் தவிர்த்திருக்கலாம்" என்று முடித்துவிட்டார். இத்தனை பேரில் ஒருவராவது "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவில்லை. இதே தம்பி சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுதியபோது, இதே ஆட்கள்தான் கல்வெட்டு எங்கே, படியெடுத்தது யார் என்று கேட்டு அவன் பிராணனை வாங்கினார்கள். சிரிப்பு வருகிற பொருளுக்குச் சான்று வேண்டாம் போலிருக்கிறது. அரைகுறை உண்மைகள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்துவது இப்படிப்பட்ட இடங்களில்தான், ஏனென்றால் அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை.

கட்டுரையில் எல்லோரும் ரசித்த பத்தியையே எடுத்துக்கொள்கிறேன். "1973 டிசம்பர் 19 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் டாய்லெட் பேப்பர் தட்டுப்பாடு என்று ஒரு நகைச்சுவை சொன்னார். மறுநாள் கடைகள் காலியாகிவிட்டன." அவ்வளவுதான் பத்தி. ஓரத்தில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் அங்கே எழுதிய கேள்வி இதுதான்: கார்சனுக்கு அந்த நகைச்சுவை எங்கிருந்து கிடைத்தது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதையே வேறு. அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. எது எப்போது தீர்ந்துபோகும் என்ற பயம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. நவம்பர் தொடக்கத்திலேயே ஜப்பானில், ஒசாகா பக்கத்துச் சென்ரி புதுநகரில், காகிதம் கிடைக்காமல் போகும் என்ற வதந்தியில் பெண்கள் கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். டிசம்பரில் ஹெரால்ட் ஃப்ரோலிக் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், அரசு அலுவலகங்களுக்கு டாய்லெட் பேப்பர் வாங்குவதில் பற்றாக்குறை இருக்கிறது, சில மாதங்களில் நாட்டுக்கே கடும் தட்டுப்பாடு வரலாம் என்று அறிக்கை விட்டார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட விஸ்கான்சின், காகித ஆலைகள் நிறைந்த மாநிலம். செய்தி பத்திரிகைகளில் வந்தது. கார்சன் அதைத்தான் எடுத்துச் சொன்னார். ஆக, அவர் வதந்திச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணியை விட்டுவிட்டுக் கடைசிக் கண்ணியை மட்டும் காட்டினால் கோமாளி ஒருவனால் நாடு ஏமாந்தது என்று ஆகிவிடுகிறது. முழுச் சங்கிலியையும் காட்டினால் பயம் எப்படி ஊர் ஊராகப் பயணம் செய்கிறது என்பது தெரிகிறது. தம்பியின் கட்டுரைக்கு வேண்டியது இரண்டாவது. அதை அவனிடம் சொல்ல வேண்டியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வரி: "1857இல் ஜோசப் கெயெட்டி டாய்லெட் பேப்பரைக் கண்டுபிடித்தார்." இதன் பக்கத்தில் ஒருவர் "அருமையான தகவல்" என்று குறித்திருந்தார். கெயெட்டி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் அதைக் கட்டுக்கட்டாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர், அவ்வளவே. சீனாவில் 6ஆம் நூற்றாண்டிலேயே யான் ஜிதுய் என்ற அறிஞர், சான்றோர் பெயர்களும் மூலநூல் உரைகளும் எழுதிய தாளைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தத் தனக்குத் துணிவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படியென்றால் எழுத்து இல்லாத தாளைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே இருந்தது என்றுதானே பொருள்? 1393இல் மிங் பேரரசின் அரண்மனைக்கு ஓராண்டுத் தேவையாக 7,20,000 தாள்கள் செய்யப்பட்டதாகவும், ஹோங்வூ பேரரசரின் குடும்பத்துக்கென்று மெல்லிய, நறுமணம் ஊட்டிய தாள்கள் 15,000 தனியாகச் செய்யப்பட்டதாகவும் பதிவு இருக்கிறது. யான் ஜிதுய் சொன்னதைப் படித்தவுடன் எனக்கு நம் வீட்டுப் பழக்கம்தான் நினைவுக்கு வந்தது: காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அது. தமிழ் வாசகனைக் கட்டுரைக்குள் கையைப் பிடித்து அழைத்துப்போக இதைவிட நல்ல வாசல் கிடைக்குமா? தம்பியோ சீனாவை ஒரே வரியில் "பண்டைய சீனர்களும் பயன்படுத்தினர்" என்று கடந்துவிட்டான்.

கெயெட்டி பகுதியில் இன்னொன்றும் கேட்டேன். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய காகிதம் இருக்கும்போது, காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பஞ்சாங்கம் போன்ற ஆண்டுமலரின் மூலையில் ஓட்டைபோட்டு ஆணியில் மாட்டிவைப்பார்கள். பிறகு சியர்ஸ் கடையின் விலைப்பட்டியல் அந்த வேலையைப் பார்த்தது. இவற்றோடு போட்டி போடக் கெயெட்டி என்ன செய்தார் தெரியுமா? அச்சடித்த காகிதத்தின் மை உடம்புக்கு நஞ்சு, மூலநோய் வரும் என்று பயமுறுத்தி விளம்பரம் செய்தார். மருந்து கலந்த காகிதம் என்று சொல்லி 500 தாள்களை 50 சென்டுக்கு விற்றார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற நீரெழுத்தாகப் பதித்திருந்தார்! ஒரு தலைமுறை கழித்து ஃபிலடெல்ஃபியாவின் ஸ்காட் சகோதரர்கள் இதே தொழிலில் இறங்கியபோது, தங்கள் பெயரைப் போடக் கூச்சப்பட்டு, வாங்கி விற்கிற வணிகர்களின் பெயரிலேயே நெடுங்காலம் தயாரித்துக் கொடுத்தார்கள். இரண்டு தகவலும் தம்பியின் கட்டுரையில் இருந்தன, ஒன்று இரண்டாம் பக்கத்தில், மற்றது ஐந்தாம் பக்கத்தில். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வை என்று சொல்வதுதான் நண்பனின் வேலை. எழுதுகிறவனுக்குத் தன் பெட்டியில் இருப்பது தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்.

2020 மார்ச், கொரோனா காலப் பகுதிக்கு வருகிறேன். அவன் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தவன். காலி அலமாரிகளைக் கண்ணால் பார்த்தவன். ஆளுக்கு ஒரு கட்டுதான் என்று கடையில் ஒட்டியிருந்த அறிவிப்பை, அதன் ஒரு மூலை பிய்ந்து தொங்கியதுவரை எழுதியிருக்கிறான். அங்கே டார்வின் நகரில் ஒரு நாளிதழ் எட்டுப் பக்கங்களை வெற்றுத்தாளாகவே அச்சிட்டு, வாசகர்கள் கிழித்துப் பயன்படுத்தட்டும் என்று விட்டதையும் சொல்கிறான். அதுவரை நன்றாகப் போகிறது. பிறகு, "மக்களின் முட்டாள்தனமே காரணம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு. இங்கே குறிப்பாளர்கள் எல்லோரும் ஒருமனதாகத் தலையாட்டியிருக்கிறார்கள். அடுத்தவரை முட்டாள் என்றால் நமக்கு உடனே ஒப்புதல் வந்துவிடுகிறது.

பதற்றம் இருந்தது, பதுக்கலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகமும் பள்ளியும் மூடியபோது அங்கே செலவான காகிதமெல்லாம் வீட்டில் செலவாகத் தொடங்கியது. அலுவலகத்துக்குப் போவது மெல்லிய தாள், பெரிய சுருள், வேறு உறை. வீட்டுக்குப் போவது வேறு. ஒன்றைத் தயாரிக்கிற இயந்திரத்தில் மற்றதை அன்றைக்கே ஓட்ட முடியாது. தவிர, இடத்தை அடைத்துக்கொண்டு குறைந்த லாபம் தரும் சரக்கு என்பதால் கடைகள் இதை அதிகம் இருப்பு வைப்பதில்லை. நாலு பேர் கூடுதலாக வாங்கினாலே அலமாரி பல்லிளித்துவிடும், அதைப் பார்த்து ஐந்தாவது ஆள் ஓடிவருவார். இந்த விளக்கத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் கட்டுரை பாதிக்குமேல் நிமிர்ந்திருக்கும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டியது வேறு ஒரு ஆலோசனை. "நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள், நம் முன்னோர் எவ்வளவு தூய்மையானவர்கள் என்று ஒரு பத்தி சேர்" என்று இரண்டு பேர் தனித்தனியே எழுதியிருந்தார்கள். தண்ணீர் நல்லதுதான், நானும் அதன் கட்சிதான். ஆனால் கழுவியபின் அது எங்கே போயிற்று, யார் கையால் போயிற்று என்று அந்தப் பத்தியில் வருமா? உலர் கழிப்பிடங்களில் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்ய இந்தியாவில் 1993இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. இன்றும் கழிவுத்தொட்டிக்குள் இறங்கி மூச்சுத்திணறிச் செத்தவர்களின் செய்தி பத்திரிகையில் வருகிறது. அவர்கள் எந்தச் சாதி என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முன்னோர் பெருமை வேண்டுமென்றால் இதையும் சேர்த்து எழுது, முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதே என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் போகவில்லை. ஆலோசனை சொன்னவர்கள் என்மேல் வருத்தமாக இருக்கிறார்கள், இருக்கட்டும்.

திருத்திய பிரதி நேற்று வந்தது. கார்சன் பத்தி ஒரு பக்கமாக வளர்ந்திருக்கிறது, கெயெட்டியும் ஸ்காட்டும் அடுத்தடுத்த பத்திகளில் நிற்கிறார்கள். ஒரு இடத்தில் மட்டும் இன்னும் சண்டை. சுருளை மாட்டும்போது தாள் முன்பக்கமாக விழ வேண்டுமா, சுவரோரமாக விழ வேண்டுமா என்று மேற்கே வீட்டுக்கு வீடு நடக்கிற வழக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். அமெரிக்காவின் ஆல்பனியைச் சேர்ந்த சேத் வீலர் இந்தச் சுருளுக்கு 1891இல் பெற்ற காப்புரிமையின் படத்திலேயே தாள் முன்பக்கமாகத்தான் விழுகிறது, அதை ஒரு வரியில் சொல்லி வழக்கை முடி என்றேன். படம் வரைந்தவரின் விருப்பம் சட்டமாகாது, வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் சுவரோரமாகத்தான் மாட்டுவார்கள், இல்லாவிட்டால் அது சுருள் முழுவதையும் உருட்டித் தரையில் இறக்கிவிடும் என்று பதில் எழுதியிருக்கிறான். பூனை விஷயம் கட்டுரையில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.