லிப்ரே ஒபிஸ் நிவாரணப் பொருள் இல்லை

சனிக்கிழமைக் கூட்டத்தில் "காசில்லாத இடத்துக்கு லிப்ரே ஒபிஸ் காணும்" என்று ஒருவர் சொன்னதும், நீங்கள் சிலர் சிரித்ததும் தெரிந்த கதை. பேசாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

லிப்ரே ஒபிஸ் என்பது வேர்ட், எக்செல் போலக் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஆனால் காசில்லாதவர்களுக்கென்று செய்தது இல்லை. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு, சன்னிடமிருந்த ஓப்பன் ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் வேலை செய்தவர்கள் பலர் பிரிந்து வந்து தொடங்கியது. அதன் மூலநிரல், அதாவது அதை எழுதிய கட்டளைகள், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யாரும் திருத்தி அனுப்பலாம். யாரும் என்றால் வன்னியில் எங்கள் மாங்குளத்துப் பிள்ளையும்தான்.

எங்கள் வாசிகசாலையில் படிக்கும் ஏ.எல். (உயர்தரம்) பிள்ளை ஒருத்தி, லிப்ரே ஒபிஸில் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரில் தமிழ் ஆவணமொன்றை பிடிஎப் ஆக்கும்போது எழுத்துச் சிதைவதைக் கண்டாள். மற்றவர்கள் என்றால் சலித்துக்கொண்டு மூடியிருப்பார்கள். அவள் பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், எந்தப் படியில் பிழை வருகிறது என்று வரிசையாக எழுதி, ஒரு பக்கக் கோப்பையும் இணைத்து, பிழைகளை அறிவிக்கும் தளமான பக்சில்லாவில் போட்டாள். ஆங்கிலத்துக்கு அகராதியும் நானும் பக்கத்தில் இருந்தோம். எங்கேயோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர், தன் கணினியிலும் அதே பிழை வருகிறது என்று பதில் போட்டார். அதை அவள் தாய்க்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். இது காசில்லாத பிள்ளை செய்கிற வேலையா?

"வேலைக்குப் போனால் வேர்ட்தானே கேட்பார்கள்?" கேட்பார்கள். ஒன்று பழகியவருக்கு மற்றது கொஞ்ச நாள் வேலை. வேர்ட் கோப்பை இதில் திறந்தால் அட்டவணைகள் சிலநேரம் குலையும், உண்மைதான். அதற்காக வேர்ட்டின் களவுக் கொப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எங்களுக்குத் தரம் பற்றிச் சொல்லித்தர வராதீர்கள்.

"நிரல் எழுதும் மொழியான சி பிளஸ் பிளஸ் தெரியாமல் என்ன பங்களிப்பு?" என்று இன்னொருவர். வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம். கையேடுகளைச் சரிபார்க்க ஆள் தேவை. புதிய பதிப்பு வருமுன் சோதிக்க ஆள் தேவை. நிரல் எழுத வருபவர்களுக்கென்று சின்ன வேலைகளை 'ஈசி ஹக்ஸ்' என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். ரைட்டர், கணக்குப் போடும் கல்க் ஆகியவற்றின் கையேடுகளை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொடுத்தால் டேட்டா இல்லாத வீட்டிலும் படிக்கலாம். இதெல்லாம் தேடிப் பார்க்காமல்தானா பேசினீர்கள்?

2009க்குப் பிறகு வன்னிக்குத் தறப்பாள் தந்தார்கள், பழைய கணினி தந்தார்கள், தந்துவிட்டுப் படமும் எடுத்தார்கள். அந்தப் படங்களில் நானும் கைநீட்டி நின்றிருக்கிறேன். இப்போது எங்கள் பிள்ளை உலகத்துக்கே ஒன்றைத் திருத்திக் கொடுக்க உட்காருகிறாள். அதையும் நிவாரணக் கணக்கில் எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

உங்களில் ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். பிழையறிக்கை எழுதப் பிள்ளைகளுக்கு ஆள் தேவை. ஞாயிறு பின்னேரம் வாசிகசாலை திறந்திருக்கும், வாருங்கள்.