14 மணி நேரத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்குப் படிக்க, ஒரு பயிற்சி மையத்தில் காசு கட்டி வாங்கிய அட்டவணை சனிக்கிழமை இரவு வந்து சேர்ந்தது. 100 நாள்கள், தினமும் 14 மணி நேரம் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவன் என்று சேரும்போதே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தால், காலை ஒன்பது முதல் பகல் ஒன்று வரை வெப்ப இயக்கவியல் என்று எழுதக் கை வந்திருக்குமா?

நேரத்தையாவது வெட்டி ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பாடங்களை அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இயந்திரவியல் தாளின் 100 மதிப்பெண்ணில் பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13. இந்த 28 மதிப்பெண்ணையும் கடைசி 4 நாள்களில் திணித்திருக்கிறார்கள். திருப்புதலுக்கு ஒரு நாள்கூட இல்லை. மாதிரித் தேர்வு ஒன்றே ஒன்று, அதுவும் 99ஆம் நாளில். சொந்தக் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாமல், திரையில் தெரியும் கால்குலேட்டரில் சுட்டியால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டி, 3 மணி நேரத்தில் 65 கேள்விகளை எதிர்கொள்ள வேண்டிய தேர்வு இது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 1 மதிப்பெண் கேள்வியில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். எண்ணை விடையாக உள்ளிடும் கேள்வியில் கழியாது. எதை விடுவது, எதைத் துணிந்து எழுதுவது என்பது பழகிப் பழகி வர வேண்டியது. அதை 99ஆம் நாளில் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

ஞாயிறு காலை அந்த மையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் என் படிவத்தைத் தேடவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போகிறேன் என்றேன். "லீவு போடுங்க தம்பி" என்றார். 100 நாள் லீவு எங்கள் தொழிற்சாலையில் கிடைக்காது என்றேன். "அப்போ வேலையை விட்டுடுங்க" என்றார். வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் என் சம்பளத்தில்தான் நடக்கின்றன என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல நேர்ந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதையும் கேட்டுக்கொண்டு, "ரேங்க் வாங்கினவங்க எல்லாரும் இதை வெச்சுத்தான் படிச்சாங்க, உங்களுக்குத்தான் ஆர்வம் பத்தல" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, தூக்கம் சொக்கும் கண்ணைத் தண்ணீரால் கழுவிக் கழுவிப் படிக்கிறவனுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல இவர் யார்?

என்னிடம் இருப்பது வேலை நாளில் 2 மணி நேரம், ஞாயிறன்று 7 மணி நேரம். வாரத்துக்கு மொத்தம் 19. அதற்குள் எது முதலில், எதைக் கைவிட்டாலும் தாங்கும் என்று சொல்வதற்குத்தானே காசு வாங்கினார்கள்? கடைசியில் பழைய வினாத்தாள்களைப் புரட்டி நானே போட்டுக்கொண்டேன்: தினமும் அரை மணி நேரம் கணிதம், ஞாயிறன்று ஒரு முழுத் தாள், அதில் செய்த தவறுகளுக்குத் திங்கள் இரவு. இதற்கு இரண்டு இரவுகள் போயின. அந்த 4 மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?