அது தண்ணீருக்கு வந்தது

மூன்று நாளாகச் சேலத்துக்காரர்கள் எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிவரும் அந்த ஏற்காட்டுக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "கூடாரத்துக்குள் புகுந்த காட்டெருமை" என்று அதற்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். புகுந்தது யார்? ஓடைக்கு இறங்கும் தடத்தின் மேலேயே நான்கு கூடாரங்களை அடித்து, ஜீப்பின் கூரை விளக்குகளை எரியவிட்டு, நள்ளிரவில் பாட்டும் போட்டவர்களா, தினமும் வருகிற வழியில் வந்த அந்த விலங்கா?

அது தண்ணீருக்கு வந்தது. அவ்வளவுதான்.

தடத்தை விட்டுத் தள்ளிப் படுங்கள் என்று நான் எழுதியதற்கு, "நீயும் கூடாரம் போட்டவன்தானே" என்று ஒரு நண்பர் எல்லோர் முன்னிலையிலும் எழுதியிருக்கிறார். ஆமாம், போட்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் குப்பனூர் வழியாக மலையேறிய நாங்கள் மூவர், ஒரு காப்பித் தோட்டத்தின் கீழ்க்கோடியில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஓடையோர மணல்திட்டில் இடம் பிடித்தோம். அங்கே வேலை பார்த்த பெரியவர், "மணல்ல படுக்காதீங்க தம்பி, அது மாட்டுத்தடம். மேல மழை பேஞ்சா தண்ணியும் சொல்லிட்டு வராது" என்றார். தலையாட்டிவிட்டு அங்கேயே படுத்தோம். இரவில் ஈரத்துணியைக் கிழிப்பது போலப் புல் பிடுங்கும் சத்தம் கேட்டது. நிலா வெளிச்சத்தில், கூடாரத்தின் வலைச் சாளரம் வழியாக முதலில் தெரிந்தவை நான்கு வெள்ளைக் கால்கள். முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியது போல. மேலே இருந்த உடல் இருட்டோடு இருட்டாக நின்றது. வளர்ந்த காளை 1000 கிலோ வரை எடை இருக்கும் என்பது அந்த நேரத்தில்தானா நினைவுக்கு வர வேண்டும்! டார்ச்சில் மின்கலம் தீர்ந்திருந்தது எங்கள் நல்ல காலம். அது நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. காலையில் பார்த்தால், கூடார முளையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குளம்புத்தடம். அதில் தண்ணீர் ஊறி நின்றது. மறுநாள் இரவு மேட்டுக்குப் போய்விட்டோம்.

காணொளியில் இருப்பவர்கள் பயத்தில் கத்தினார்கள், அதில் என்ன தவறு என்கிறார்கள். பயத்தில் கத்துவது இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். பயந்தவர்கள் கையில் கைபேசி அத்தனை நேரம் ஆடாமல் நின்றதைத்தான் மெச்சுகிறேன்! சுற்றுலா இல்லாவிட்டால் ஏற்காடு பிழைக்காது என்று பாடம் எடுப்பவர்களுக்கு, மலைக்கு வராதீர்கள் என்று நான் எங்கே எழுதினேன்? தடத்தை விட்டுத் தள்ளிப் படுங்கள் என்றேன். சாலையோரத்தில் பகலிலேயே மேய்கிறதே, பழகிவிட்டதே என்றால், பழகியது மலைக்காரர்களோடு. அவர்கள் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் வழிவிடுகிறார்கள். 1820களில் காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது வந்த காப்பிக்கு நாம் இத்தனை காட்டை எடுத்துக்கொண்ட பிறகும், மிச்சமிருக்கும் ஓடைக்கு அது நம்மிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். (எருமை என்பது நாம் வைத்த பெயர், இனத்தால் அது மாடுதான். பெயரைக்கூடச் சரியாக வைக்கவில்லை.) 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் விலங்கு அது என்று எழுதியதற்குத்தான், "காட்டுக்கு வாத்தியாரா நீ?" என்று அதே நண்பர் கேட்டார். அவருக்கு முளை அடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். போகட்டும்.

அந்தக் காணொளியைக் கடைசிவரை பாருங்கள். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே, விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்க, ஓடைக்குப் பத்தடி இருக்கும்போது அது திரும்பி மேட்டில் ஏறிப் போகிறது. தண்ணீர் குடிக்கவில்லை.