கரும்பூசணத்தால் காது செவிடாகுமா? ஒரு திருத்தம்
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளின் சுவரில் படியும் கரும்பூசணம் நரம்பை அரித்து நிரந்தரச் செவிடாக்கிவிடும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளை ஆஸ்துமா, மூச்சிரைப்பு போன்ற சுவாசக் கோளாறுகளோடுதான் முதன்மையாகத் தொடர்புபடுத்துகிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பதால் செவி நரம்பு கெடும் என்பதற்கு நிலைநாட்டப்பட்ட சான்று இல்லை. ஒவ்வாமையால் மூக்கடைத்து மூக்கின் பின்புறத்தை நடுச்செவியோடு இணைக்கும் குழாய் அடைபடும்போதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் செவித்துளையிலேயே பூஞ்சைத் தொற்று வரும்போதும் காது மந்தமாகலாம், ஆனால் அவை பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகக்கூடியவை. செம்பனை (பாமாயில்) ஆலை இரைச்சலில் நாள் முழுதும் நிற்பவர், சுவரைப் பழித்துக் காலம் கடத்தாமல் செவிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இரைச்சல் அழித்த, ஒலியை உணரும் உட்செவி மயிர்ச் செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. திடீரென ஒரு காது கேட்காமற்போனால், தயவுசெய்து அன்றே மருத்துவரைப் பாருங்கள்.